தோற்பதற்கு ஓர் அறை

பரோடா 2007 பற்றிப் பேச்சு வந்தால் உடனே 'கருத்துச் சுதந்திரம்' என்ற சொல்லைத்தான் எடுக்கிறோம். தப்பில்லை. ஆனால் அந்தப் பெரிய சொல் ஒரு சின்ன விஷயத்தை மறைத்துவிடுகிறது: மஹாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில் அன்று நடந்துகொண்டிருந்தது ஒரு பரீட்சை.

ஓவியம், சிற்பம், அச்சுக்கலையில் முதுகலை படிப்பவர் ஸ்டூடியோவில் செய்ததைச் சுவரில் மாட்டணும். தேர்வாளர்கள் எதிரே நின்று கேட்பார்கள்: இது ஏன் இப்படி, அது எதுக்கு அங்கே? அந்தச் சுவர்தான் விடைத்தாள். அந்த மே மாதம் கிராஃபிக்ஸ் மாணவர் ஒருவரின் விடைத்தாளை வெளியிலிருந்து நுழைந்த ஒரு கும்பல் திருத்தியது. இந்து, கிறித்துவ உருவங்களை அவமதித்ததாகப் புகார். மாணவர் கைதானார்.

சக மாணவர்கள் காமம் சார்ந்த இந்தியக் கலை மரபின் படங்களைத் துறையின் சேகரிப்பிலிருந்து எடுத்துக் காட்சிக்கு வைத்தார்கள். போராட்டம் என்றாலும் உண்மையில் அது ஒரு வகுப்பு. நிர்வாகம் மூடச் சொன்னது. பொறுப்பு டீன் சிவாஜி பணிக்கர் மறுத்தார், இடைநீக்கம் செய்யப்பட்டார்.

கைதான மாணவரின் படங்கள் மகத்தானவை என்று வாதாட நான் வரவில்லை. மாணவர் மகத்தாகத்தான் செய்யணும்னு யார் சொன்னது? "அதிர்ச்சி இருக்கு, படம் எங்கப்பா?" என்று ஓர் ஆசிரியர் கேட்கலாம். மாணவர் முறைக்கலாம், ஆறு மாசம் கழித்து ஒத்துக்கொள்ளலாம், ஒத்துக்கொள்ளாமலே போகலாம். ஸ்டூடியோ படிப்பு என்பதே இந்த இழுபறிதான்.

இதே பரோடாவில்தான் 1960களில், சார்ட்டர்ட் அக்கவுன்டன்டான பூபேன் கக்கர் கலை விமர்சனம் படித்தார். முறையான ஓவியப் பயிற்சி இல்லாத அவர் கையில் மனிதர்கள் விறைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தத் தடுமாற்றத்தைத்தான் இன்று அவருடைய பாணி என்கிறோம். தடுமாற ஓர் இடம் இருந்தது, அவ்வளவுதான்.

2018 பிப்ரவரியில், துணைவேந்தர் அலுவலகத்துக்குத் தீ வைத்த குற்றச்சாட்டில் அந்தப் பழைய மாணவர் மறுபடி கைதானார். 11 வருஷமாகியும் பட்டம் கையில் வராத ஆத்திரம் என்றன செய்திகள். தீ வைப்பதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஒரு கலைப் புலம் தன் மாணவரைத் தாராளமாக ஃபெயிலாக்கியிருக்கலாம். சுவர் முன்னால் நின்று பார்த்து, பூஜ்யமாவது போட்டிருக்கலாம்.