தன்மதிப்பீடும் அளவுகோலும்: ஆங்கிலம் கற்போரின் எழுத்துத் திருத்தம் குறித்த மறுபார்வை

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலம் கற்போர் தம் எழுத்தைத் தாமே மதிப்பிட வேண்டும் என்னும் கருத்து இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. ஆயினும் அதற்கென அவர்களிடம் தரப்படும் அளவுகோல்கள் தேர்வாளர்க்காக உருவானவை. மதிப்பிடும் ஆற்றல் பிறர் எழுத்தை ஆராய்வதாலும் முதன்மொழி அறிவைப் பயன்கொள்வதாலும் வளர்வது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தன்மதிப்பீடு, எழுதுதிறன், பின்னூட்டம், அளவுகோல், முதன்மொழி.

முன்னுரை

மாணவரின் ஆங்கிலக் கட்டுரையை ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துவதும், மாணவர் அதைப் படியெடுத்துத் தருவதும் நம் வகுப்பறைகளில் நெடுங்காலமாக நிலவும் வழக்கம். இலக்கணத் திருத்தத்தைக் கைவிடுதலே நன்று என ஜான் டிரஸ்காட் 1996இல் வாதிட்டார். அதற்கு 1999இல் மறுப்பு எழுதிய டானா ஃபெரிஸ், பிழைகளை இருவகையாகப் பகுத்தார். விதிக்கு உட்பட்ட பிழைகளைக் கற்பவர் களையப் பழகலாம். சொல்தேர்வு போன்ற விதிக்கு அடங்காத பிழைகள் வேறு வகையின. இவ்விவாதம் பெரும்பாலும் ஆசிரியரின் திருத்தத்தைச் சுற்றியே அமைந்தது. திருத்துபவர் அருகில் இல்லாதபோது கற்பவர் தம் எழுத்தை எவ்வாறு எடைபோடுவார் என்பது தனித்து ஆராயத்தக்க வினா.

அளவுகோல் யாருக்குரியது?

ஹோலி ஜேக்கப்ஸ் முதலியோர் 1981இல் வெளியிட்ட அளவுகோல் உள்ளடக்கத்திற்கு 30, அமைப்பிற்கு 20, சொல்வளத்திற்கு 20, மொழிப்பயன்பாட்டிற்கு 25, எழுத்துமுறைக்கு 5 என 100 மதிப்பெண்களைப் பகிர்கிறது. ஒரே கட்டுரைக்குப் பல தேர்வாளர் ஒத்த மதிப்பெண் வழங்க இத்தகைய கருவி உதவும். அதையே வினாப்பட்டியலாக மாற்றி மாணவரிடம் அளிக்கும்போது இடர் எழுகிறது. “கருத்தமைப்புத் தெளிவாக உள்ளதா?” என்ற வினாவிற்கு, எழுதியவர் ‘ஆம்’ என்றே விடையளிப்பார். தெளிவின்மையை உணரும் ஆற்றல் இருந்திருப்பின், அவர் அவ்வாறு எழுதியிருக்கமாட்டார்.

ராய்ஸ் சாட்லர் 1989இல் இதன் அடிப்படையை விளக்கினார். எதிர்பார்க்கப்படும் தரம் எது என்பதைக் கற்பவர் உணர்தல், தம் எழுத்தை அத்தரத்தோடு ஒப்பிடுதல், இடைவெளியைக் குறைக்கச் செயற்படுதல் ஆகிய மூன்றும் அவர் கூறும் நிபந்தனைகள். பட்டியல் இரண்டாவதை மட்டுமே வேண்டுகிறது. முதலாவது ஏற்கெனவே இருப்பதாகக் கொண்டுவிடுகிறது.

நான்சி சோமர்ஸ் 1980இல் வெளியிட்ட ஆய்வும் இங்குக் கருதத்தக்கது. கல்லூரி மாணவர் திருத்தம் என்பதைச் சொல்மாற்றமாகவே கொண்டனர். தேர்ந்த எழுத்தாளரோ வாதத்தின் வடிவத்தையே மாற்றினர். ஆக, திருத்தம் என்றால் என்ன என்பதையே முதலில் கற்பிக்க வேண்டியுள்ளது.

பிறர் எழுத்தே பயிற்சிக்களம்

லண்ட்ஸ்ட்ராம், பேக்கர் ஆகிய இருவரும் ஆங்கிலம் கற்கும் 91 மாணவரிடம் ஓர் ஆய்வு நிகழ்த்தி 2009இல் வெளியிட்டனர். ஒரு பிரிவினர் பிறர் கட்டுரைகளுக்குக் கருத்துரை வழங்கினர்; மற்றவர் கருத்துரைகளைக் கொண்டு கட்டுரைகளைத் திருத்தப் பயின்றனர். தம் சொந்த எழுத்தில் மிகுதியாக முன்னேறியவர் கருத்துரை வழங்கியவரே. தொடக்கநிலையினரிடம் இது கூடுதலாகத் தென்பட்டது. சாட்லரின் முதல் நிபந்தனை நிறைவேறும் வழியை இம்முடிவு காட்டுகிறது: பிறர் எழுத்தில் குறை காண்பவர்க்கு மறைக்கத்தக்க தன்னலம் இல்லை.

எனவே, பெயர் நீக்கிய இரு கட்டுரைகளை ஒப்பிட்டு, எது சிறந்தது, ஏன் என மாணவர் தம் சொற்களில் எழுதுவது முதற்படியாகலாம். அக்காரணங்களே பின்னர் வகுப்பின் அளவுகோலாகும். அவை தமிழில் அமைவதில் தவறில்லை. தீர்ப்பு தெளிவதே நோக்கம்.

முதன்மொழியின் இடம்

ஆங்கிலத்தின் ‘ஏ’, ‘தி’ ஆகிய ஆர்ட்டிகிள்கள் விடுபடுவதை ஃபெரிஸ் விதிக்கு உட்பட்ட பிழையாகவே கொண்டார். தமிழ் மாணவர்க்கு இது எளிதன்று. ‘தி’ என்பதற்கு நிகரான தனிச்சொல் தமிழில் இல்லாமையால், அது விடுபட்டிருப்பது அவர் கண்ணில் படுவதில்லை. ஆயினும் அது உணர்த்தும் பொருள் தமிழுக்கு அயலானதன்று. ‘புத்தகம் வாங்கினேன்’ என்பதில் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்பதில் பெரும்பாலும் முன்பே அறியப்பட்ட புத்தகம். இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கும் விரிந்தும் வருவதில் இவ்வேறுபாடு அமைந்துள்ளது. “இத்தொடரைத் தமிழில் சொன்னால் ‘ஐ’ வருமா?” என்னும் வினா, ‘ஆர்ட்டிகிள் சரியா?’ என்பதைவிடக் கற்பவர்க்கு நெருக்கமானது. இச்சோதனை அஃறிணைச் செயப்படுபொருளுக்கே பொருந்தும், எழுவாய்க்கு உதவாது. அவ்வெல்லையையும் மாணவர் அறிதல் வேண்டும்.

கருத்தமைப்பிற்கும் இவ்வழி பயன்படும். சில நாள் இடைவெளிக்குப் பின் தம் கட்டுரையின் ஒவ்வொரு பத்தியையும் ஒரே தமிழ்த் தொடரில் சுருக்க முயலும் மாணவர், சுருக்க இயலாத பத்தியில் ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகள் கலந்திருப்பதைத் தாமே கண்டுகொள்வார்.

முடிவுரை

பெரிய வகுப்புகளில் இம்முறைக்குக் காலம் மிகுதியாகும் என்பது உண்மை. ஆனால் விண்ணப்பமும் ஆய்வேடும் எழுதும் நாளில் மாணவருக்கு அருகில் ஆசிரியர் இருக்கப்போவதில்லை. அளவுகோலைக் கையளிப்பதால் மட்டும் மதிப்பீட்டுரிமை அவரைச் சேர்ந்துவிடாது. தரத்தை உணரும் பயிற்சியும், அதைத் தம் மொழியில் வாதிடும் வாய்ப்பும் கிடைக்கும்போதே தன்மதிப்பீடு அப்பெயருக்கு உரியதாகும்.