கதையை நிறுத்திப் பேசிய மேடை

நாடகம் நடந்துகொண்டிருக்கையில் கதையைச் சற்றே நிறுத்திவிட்டு, பாத்திரத்தின் உடையோடும் ஒப்பனையோடும் நின்றபடியே நடிகர் நாட்டுநடப்பைப் பற்றித் தம் சொந்தக் கருத்தை அவையோரிடம் நேராகப் பேசுவது தமிழ் மேடையில் நெடுநாளைய வழக்கம். தெருக்கூத்தில் கதைமாந்தரை அவைக்கு அறிமுகம் செய்து இடையிடையே கேலி பேசும் கட்டியங்காரனுக்கும், வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகையின்றி ஓர் இரவுக்கு மட்டும் கூடி நடத்தும் ஸ்பெஷல் நாடகத்தில் பபூனுக்கும் இந்த உரிமை இருந்தது. அரசனைக் கிண்டல் செய்தாலும் ஊர்ப் பெரிய மனிதரைச் சீண்டினாலும் கோமாளி பேச்சுதானே என்று ஊர் அதைப் பொறுத்துக்கொண்டது. எம்.ஆர். ராதா (1907–1979) செய்த மாற்றம், கோமாளிக்கு மட்டும் இருந்த அந்த உரிமையைக் கதைத்தலைவனுக்குக் கொடுத்ததாகும். திருச்சிராப்பள்ளியின் சங்கிலியாண்டபுரத்தில் வாழ்ந்து அந்நகரிலேயே மறைந்த அவர், அன்றைய செய்தித்தாளில் வந்ததைக்கூட அன்றிரவே மேடையில் எடுத்துப் போட்டுச் சாதி, சமயம், ஆட்சி, தேர்தல், சினிமா என எதையும் விடாமல் அலசினார். இனம், அரசியல், கேளிக்கை ஆகிய மூன்றும் ஒரே வாயிலிருந்து வந்த இம்முறை எதைச் சாதித்தது, எங்கே சறுக்கியது என்பதை எடைபோடுவதற்குத் திருச்சியும் காவிரிப் பாலத்துக்கு அப்பாலுள்ள ஸ்ரீரங்கமும் ஏற்ற களங்கள்.

திருவாரூர் கே. தங்கராசு எழுதி, 1949-இல் திருச்சியில் முதலில் மேடையேறிய 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தை இம்முறையின் உச்சம் எனலாம். அயல்நாடு சென்று திரும்பிய மோகனசுந்தரம் என்னும் செல்வன், தாயையும் மனைவியையும் ஊரையும் இழிவாகப் பேசி, காந்தா என்னும் தாசியிடம் சொத்தை இழந்து, தொழுநோயாளியாகித் தெருவில் பிச்சையெடுக்கும் கதை அது. கரகரக்கும் அடிக்குரலில் தொடங்கி எதிர்பாராத இடத்தில் கீச்சென்று மேலேறும் ராதாவின் குரல், முதற்பாதியில் பணக்காரத் திமிருக்கும் பிற்பாதியில் பிச்சைக்காரனின் துணிச்சலுக்கும் ஒருங்கே பயன்பட்டது. இங்கே நுட்பமான ஒன்று நடக்கிறது. சமூகத்தைப் பற்றிய கூர்மையான கருத்துகள் ஓர் உத்தமனின் வாயிலிருந்து வரவில்லை. முதலில் ஒரு கயவனிடமிருந்தும், பின்னர் ஊர் ஒதுக்கிய ஒரு நோயாளியிடமிருந்தும் வருகின்றன. எனவே கேட்பவர் அக்கருத்தை வணங்கி ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. சிரித்துவிட்டு, சொன்னது சரிதானா என்று வீட்டுக்குப் போகும் வழியில் தாமே முடிவு செய்துகொள்ளலாம். அக்காலத்து மேடைப் பேச்சாளர் பலரின் அடுக்குமொழி கேட்பவருக்குத் தராத விடுதலை இது. பொன்மலை ரயில்வே பணிமனைத் தொழிலாளரும் உறையூர்ச் சுருட்டுத் தொழிலாளரும் வாழ்ந்த ஒரு நகரத்தில், அடுக்குமொழியைவிட இந்தக் கொச்சைப் பேச்சு எளிதாக இறங்கியதில் வியப்பில்லை.

பேசுபவர் கைக்கெட்டும் தொலைவில் நின்றார் என்பது இம்முறையின் மற்றொரு வலிமை. பிடிக்காதவர்கள் கூச்சலிட்டனர், கல்லெறிந்தனர். மேடையிலிருந்து உடனே பதில் வந்தது. தம் நாடகத்தால் மனம் புண்படுவோர் வர வேண்டாம், அவர்களுடைய காசும் தேவையில்லை என்ற பொருளில் ராதா விளம்பரமே செய்தார். அதனால் கேளிக்கை வேறு, கருத்து வேறு என்று பிரித்து ஒன்றுக்குப் பின் மற்றொன்று ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போயிற்று.

ஆனால் அந்தக் கருத்துகளுக்கு அடித்தளமாயிருந்த 'இனம்' என்னும் சொல்லைத் தனியே ஆராய வேண்டும். திருக்குறளின் 'சிற்றினம் சேராமை' அதிகாரத்தில் இனம் என்பது ஒருவர் சேர்ந்து பழகும் கூட்டத்தைக் குறிக்கிறது. அது ஒருவர் தாமே தேர்ந்துகொள்வது, வேண்டாமென்றால் விட்டு விலகக்கூடியது. இருபதாம் நூற்றாண்டில் அதே சொல் பிறப்பால் வருவதும் விலக முடியாததுமான குருதிக்கூட்டம் என்ற பொருளுக்கு மாறிற்று. 1816-இல் எல்லிஸ் தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று காட்டியதும், 1856-இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கண நூலில் அக்குடும்பத்துக்குத் 'திராவிட' என்ற பெயரை நிலைநிறுத்தியதும் முதன்மையாக மொழியியல் முடிவுகள். சொற்களின் உறவை மனிதரின் உறவாக மாற்றிப் படித்தது அக்கால ஐரோப்பிய இனவியல். அந்த வாசிப்பைக் கடன்வாங்கிய தமிழ் மேடை, ஆரியர், திராவிடர் என்ற இரண்டு பாத்திரங்களைப் படைத்துக்கொண்டது. இலக்கணம் ரத்தமாக மாறிய இந்த இடத்தில்தான் முறையின் முதல் கோளாறு தொடங்குகிறது.

இக்கடனுக்கு ஒரு நியாயமும் இருந்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது. சென்னை மாகாணத்தின் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்று விழுக்காடாயிருந்த பிராமணர்கள், 1912-ஆம் ஆண்டில் துணைக் கலெக்டர், மாவட்ட முன்சீப் போன்ற பதவிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை வகித்தனர். இந்த ஏற்றத்தாழ்வை எடுத்துச் சொல்லப் புள்ளிவிவரம் போதவில்லை. மக்கள் நினைவில் தங்கும் ஒரு கதை தேவைப்பட்டது. இன மொழி அக்கதையைக் கொடுத்தது. தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த ராதாவும், கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்த பெரியாரும் அதற்குள் அடங்கினர் என்பது, அந்த 'இனம்' நடைமுறையில் ரத்தத்தைவிட நிலைப்பாட்டையே அளவுகோலாகக் கொண்டிருந்தது என்பதைக் காட்டுகிறது. சொல் குருதியைப் பேசிற்று, செயல் குறளின் பொருளுக்கே திரும்பிற்று.

1954-இல் ராதா எடுத்துக்கொண்ட இராமாயண நாடகத்தில், பின்னர் 'கீமாயணம்' என்று பெயர்பெற்ற அந்தப் பகடியில், இந்த முரண் வெளிப்படையாயிற்று. இராமனை வடபுலத்துப் படையெடுப்பாளனாகவும் இராவணனைத் திராவிட வேந்தனாகவும் காட்டும் வாசிப்பு, புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' (1946) உள்ளிட்ட நூல்கள் வழியாக ஏற்கெனவே பரவியிருந்தது. ஆற்றுக்கு அக்கரையிலோ நிலைமை வேறு. ஸ்ரீரங்கத்துப் பெருமாள் இராமனின் குலதெய்வம் என்றும், அவரை இலங்கைக்கு எடுத்துச் சென்ற வீடணன் காவிரிக்கரையில் இறக்கி வைக்க, அங்கேயே நிலைகொண்டுவிட்டார் என்றும் தலபுராணம் சொல்கிறது. கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றியதாக மரபு குறிக்கும் மண்டபம் தாயார் சந்நிதிக்கு எதிரே இன்றும் நிற்கிறது. ஆக, வீடணன் பாலத்தின் ஒரு முனையில் அண்ணனைக் காட்டிக்கொடுத்த துரோகி, மறுமுனையில் ஊரை உண்டாக்கிய பக்தன். இவ்வளவு வளமான முரண் கையருகே கிடந்தும் பகடி அதை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. காவியத்தை நடந்த வரலாறாக நம்பும் பக்தரைப் போலவே பகடி செய்தவரும் அதை இரண்டு இனங்களின் போர் வரலாறாக நம்பினார். தலைவனும் பகைவனும் இடம் மாறினரே தவிர, தலைவன், பகைவன் என்ற ஏற்பாடு அப்படியே இருந்தது. இராவணனுக்குக் கம்பர் கொடுத்த கம்பீரத்தைக் கவனித்திருந்தால், எதிரி வீட்டிலேயே தமக்கான ஆயுதம் இருந்ததைப் பகடிக்காரர்கள் கண்டிருக்கலாம்.

அரசு இதை எதிர்கொண்ட விதம் தனியே நோக்கத்தக்கது. 1950-இல் 'ஆரிய மாயை' நூலுக்காக அண்ணாவும் 'பொன்மொழிகள்' நூலுக்காகப் பெரியாரும் தண்டிக்கப்பட்டு, திருச்சிச் சிறையில் ஒரே காலத்தில் இருந்தனர். நூலை அப்படி வெளிவந்த பிறகு தண்டிக்க முடியும். மேடையில் அந்த நொடியில் பிறந்து அந்த நொடியிலேயே கரையும் பேச்சை எப்படிப் பிடிப்பது? 1954-ஆம் ஆண்டின் சென்னை நாடக நிகழ்ச்சிகள் சட்டம், நாடகப் பிரதியைக் கேட்டுப் பெறவும் 'ஆட்சேபத்துக்குரியது' என்று தோன்றுவதைத் தடைசெய்யவும் அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. பிரதியில் இல்லாததைப் பேசுவதே தொழிலாகக் கொண்டவருக்கு எதிராகப் பிரதியைக் கேட்கும் சட்டம் என்பது அதனளவிலேயே ஒரு நகைச்சுவைக் காட்சி. அச்சட்டம் வந்தது, பெரியார் 'பச்சைத் தமிழர்' என்று போற்றி ஆதரித்த காமராசரின் ஆட்சிக்காலத்தில். ஆள்வோர் நம் இனமானால் மேடைக்குத் தொல்லை வராது என்ற கணக்கு அங்கேயே பொய்த்தது.

முறையின் ஆழமான குறைகள் அதன் எதிரிகளிடம் இல்லை, அதன் கதைகளுக்குள்ளேயே இருக்கின்றன. 'ரத்தக்கண்ணீர்' பகுத்தறிவு நாடகம் என்று பெயர் பெற்றது. ஆயினும் அதில் தொழுநோய் ஒழுக்கக்கேட்டுக்குக் கிடைத்த தண்டனையாகவே வருகிறது. அந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரியை ஹான்சன் 1873-இலேயே கண்டறிந்துவிட்டார். நாடகம் மேடையேறிய காலத்தில் மருந்தும் வந்துவிட்டது. கர்மவினையை நம்பாத மேடை கர்மவினையின் கதைப்பின்னலை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டது. காந்தாவின் நிலையும் அத்தகையதே. தாசி முறை ஒழிப்புச் சட்டம் 1947-இல் நிறைவேறி இரண்டே ஆண்டுகள் ஆன நிலையில், மூவலூர் இராமாமிர்தம் போன்றோர் எந்தப் பெண்களைச் சுரண்டலுக்கு ஆளானவர்களாகக் கண்டனரோ, அவர்களை இந்நாடகம் சுரண்டுபவர்களாகக் காட்டிக் கைத்தட்டல் வாங்கியது. முடிவில் மனைவியை நண்பனுக்கு மணம்செய்து வைப்பது அக்காலத்துக்குப் புரட்சிதான். ஆனால் அங்கும் கொடுப்பவன் கணவன், பெறுபவன் நண்பன், அவளுடைய விருப்பம் இருவரும் பேசி முடித்த பின்பே நினைவுக்கு வருகிறது.

இனச் சட்டகம் எதைக் காணவிடாமல் செய்தது என்பது இதைவிடக் கடுமையான கேள்வி. சட்டகம் என்பது பார்வையை ஒருமுகப்படுத்தும் வரம்பு. அதற்கு உள்ளே இருப்பது பெரிதாகத் தெரியும், வெளியே இருப்பது தெரியவே தெரியாது. திருச்சி மேலப்புதூரிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவரின் கல்லறைகளைப் பிற கிறித்தவரின் கல்லறைகளிலிருந்து ஒரு சுவர் பிரித்தது. இதே மாவட்டத்தின் திண்ணியத்தில் 2002-இல் தலித்துகள் மலம் திணிக்கப்பட்டு அவமதிக்கப்பட்டனர். இவ்விரண்டிலும் ஆரியரும் இல்லை, வடவரும் இல்லை. 'பார்ப்பனர்', 'பார்ப்பனரல்லாதார்' என்ற இருகூறுப் பிரிவில் பிந்திய கூறு ஒரே குடும்பமாகக் காட்டப்பட்டதால், அக்குடும்பத்துக்குள் நடக்கும் அடிதடி மேடையில் காட்சியாகவில்லை. பிரித்துப் பேசும் சொல் இல்லாமற்போனது காரணமன்று. 1907-இலேயே 'தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசர், திராவிடம் என்ற சொல்லை ஒடுக்கப்பட்டோரின் நிலையிலிருந்து பயன்படுத்திக் காட்டியிருந்தார். திரளான சிரிப்புக்கு ஒற்றை எதிரி தேவைப்பட்டான், அவ்வளவே.

மேடையிலிருந்து திரைக்குப் போனபோது இக்குறைகள் இறுகின. சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த சிவாஜி கணேசன் 'பராசக்தி' (1952) மூலமும், ராதா 1954-இல் திரைக்கு வந்த 'ரத்தக்கண்ணீர்' மூலமும் மாகாணம் முழுவதும் பரவினர்; ஆனால் திரையில் நடிகர் அவையின் கூச்சலுக்குப் பதில் சொல்ல முடியாது. அன்றைய செய்தித்தாள் போய், எல்லா ஊரிலும் எல்லாக் காட்சியிலும் மாறாத ஒரே வசனம் வந்தது. கருத்தை எடைபோட்ட அவை, வசனத்தை மனப்பாடம் செய்யும் ரசிகர்கூட்டமாயிற்று. சினிமாவையும் நாட்டைப் பிடித்த நோய்களில் ஒன்றாகப் பெரியார் எண்ணியதை அவருடைய வழக்கமான கடுமை என்று தள்ளிவிடுவோர் உண்டு. இந்த மாற்றத்தைப் பார்க்கும்போது அவரிடம் விவரம் இருந்தது என்றே படுகிறது. 1967 ஜனவரியில் ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டதும், அதையடுத்து நடந்த தேர்தலில் தி.மு.க. வென்றதும், எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சியின் தலைவியாக, ஐயங்கார் குடும்பத்தில் பிறந்த ஜெயலலிதா 2011-இல் ஸ்ரீரங்கம் தொகுதியிலேயே வென்றதும் தொடர்ந்த கதை. 'திராவிட' என்ற சொல் அந்த அளவுக்கு விரிந்தது அதன் பெருந்தன்மையா, அன்றி அதற்குள் ஏதும் மிச்சமில்லாமற் போனதா என்பது வாக்காளர் எவரும் நின்று யோசிக்காத கேள்வி.

ஸ்ரீரங்கம் தன் பங்குக்கு வேற்றாரை உள்வாங்கும் வேறொரு வழியை நெடுங்காலமாக வைத்திருக்கிறது. பெருமாள்மீது காதல்கொண்டு வந்ததாகச் சொல்லப்படும் முகம்மதிய இளவரசிக்குத் துலுக்க நாச்சியார் என்ற பெயரில் கோயிலுக்குள் சந்நிதி உண்டு. பெருமாளுக்குக் கைலி சாற்றுவதும் கோதுமை ரொட்டி நிவேதனம் செய்வதும் அதையொட்டி வந்தவை. இந்தக் கற்பனையின் அழகை மறுக்க முடியாது. ஆனால் இளவரசி ஓவியமாக உள்ளே இருக்க, அவளுடைய சமயத்தார் வெளியே இருக்கின்றனர். சந்நிதிக்குள் வைத்து அடக்குவதற்கும் மேடையேற்றி எதிர்ப்பதற்கும் நடுவே, இரு தரப்பும் பேசிக்கொள்ளும் இடம் ஒன்று இவ்வூரில் அமையவில்லை. 2006-இல் ராஜகோபுரத்துக்கு எதிரே எழுப்பப்பட்ட பெரியார் சிலை சிதைக்கப்பட்டபோது, இரு பக்கமும் கல்லோடுதான் சண்டையிட்டுக்கொண்டன. உயிரோடு மேடையில் நின்றவர் கல்லெறிந்தவரைப் பார்த்து ஏதாவது கேட்டிருப்பார்.

ராதாவை முன்னிட்டு வந்த அந்த 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் செல்லாது என்று அறிவித்தது. 1967 முதல் அதுவரை ஆண்டவர்கள் மேடையாலும் திரையாலும் வளர்ந்த இரு கட்சியினர். அவர்களுள் ஒருவருக்குத் 'தூக்குமேடை' நாடகத்தின்போது 'கலைஞர்' என்ற பட்டத்தைச் சூட்டியவர் ராதாவே. அப்பட்டத்தைப் பெற்றவர் ஐந்து முறை முதலமைச்சராக இருந்தார், ஐந்து முறையும் அச்சட்டம் ஏட்டில் இருந்தது.