பயணியின் சாட்சியமும் பயணியின் தீர்ப்பும்

வெளிநாடு போய்வந்தவர்கள் எழுதும் கலைக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. காலையில் ஒரு கண்காட்சி, பிற்பகலில் ஒரு மேதை வாழ்ந்த வீடு, மாலையில் ஒரு படம், இரவில் ஓபரா. ஒவ்வொன்றுக்கும் பத்து வரி: பிடித்தது, பிடிக்கவில்லை, கூட்டம் அதிகம். துறை தெரிந்த விமர்சகர்கள் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. எனக்கு இந்த எழுத்தின்மேல் மதிப்பும் உண்டு, மனக்குறையும் உண்டு. பயணி நல்ல சாட்சி. நீதிபதியாக உட்காரும்போதுதான் தவறிவிடுகிறார். வியன்னாவை முன்வைத்து இதைச் சொல்கிறேன், ஏனென்றால் மேலே சொன்ன நான்கும் அங்கே நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன.

சாட்சியத்தின் மதிப்புக்குச் சார்லஸ் பர்னியைச் சொல்லலாம். இந்த ஆங்கிலேய இசைஞர் 1770இல் பிரான்ஸ், இத்தாலி வழியாகவும், 1772இல் ஜெர்மன் பேசும் நாடுகள் வழியாகவும் பயணம் செய்து, கேட்டதையெல்லாம் எழுதிவைத்தார். பொலோன்யாவில் பதினான்கு வயது மொஸார்ட்டைப் பார்த்தார்; வியன்னாவில் இசையமைப்பாளர் குளூக்கைச் சந்தித்தார். எது உயர்ந்த இசை என்பதில் அவர் சொன்னதை இன்று யாரும் வேதவாக்காகக் கொள்வதில்லை. ஆனால் யார் பாடினார்கள், எப்படிப் பாடினார்கள், கேட்டவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று அவர் எழுதியவை இசை வரலாற்றுக்கு ஆதாரங்களாக நிற்கின்றன. உள்ளூர்க்காரருக்கு அவையெல்லாம் அன்றாடம். அன்றாடத்தை யார் எழுதுவார்?

நம் ஊரிலிருந்து போகிறவருக்கும் இந்தச் சாதகம் உண்டு. சபாக் கச்சேரியில் ஒலிபெருக்கி இல்லாத குரலையே நாம் அநேகமாகக் கேட்பதில்லை. வியன்னா அரசு ஓபரா அரங்கில் 1,700 பேருக்கு மேல் உட்காரலாம். பின்னால் நின்று பார்ப்பவர்கள் வேறு. மேடைக்கு முன்னால் ஒரு முழு வாத்தியக் குழு முழங்குகிறது. அதைத் தாண்டி, மைக் இல்லாமல், ஒரு மனிதத் தொண்டை கடைசி வரிசைவரை வந்து சேர்கிறது. முதல்முறை கேட்பவருக்கு இது உடம்பில் உறைக்கும். வியன்னா விமர்சகர் இதை எழுதமாட்டார். அவருக்கு இது சொல்லவே தேவையில்லாத விஷயம். தமிழ்ப் பயணி எழுத வேண்டும். குரல் பழக்குவது பற்றி, அரங்கம் கட்டுவது பற்றி, நம் சபாக்கள் எதை இழந்தன என்பது பற்றியெல்லாம் யோசிக்க அதிலிருந்து வழி பிறக்கும்.

இதைவிடப் பெரிய பலம் ஒன்று உண்டு. துறைக்காரர்கள் தனித்தனியாகப் பார்ப்பவற்றைப் பயணி அடுத்தடுத்துப் பார்க்கிறார். ஓபராவிலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் பர்க் கினோ திரையரங்கில், கேரல் ரீட் இயக்கி 1949இல் வந்த ‘தி தேர்டு மேன்’ படத்தை இன்றும் ஓட்டுகிறார்கள். நான்கு வல்லரசுகள் பங்குபோட்டுக்கொண்ட வியன்னா, இடிபாடுகள், கள்ளச்சந்தை, பாதாளச் சாக்கடை. படம் முடிந்து வெளியே வந்தால் எதிர்ப்படும் ஓபரா மாளிகையே 1945 மார்ச் 12 அன்று குண்டுவீச்சில் எரிந்ததுதான். முகப்பும் பெரிய படிக்கட்டும் தப்பின. அரங்கமும் மேடையும் அழிந்தன. அந்நியப் படைகள் விலகிய 1955இல், நவம்பர் 5 அன்று, அநியாயமாகச் சிறைப்பட்டவன் விடுதலையாகும் கதையான பீத்தோவனின் ‘ஃபிடெலியோ’வுடன் அது மீண்டும் திறந்தது.

பெர்க்காசெ 19ஆம் எண் வீட்டுக்கும் போய்வந்தால் இந்தக் கதை வேறு நிறம் கொள்கிறது. 1891 முதல் உளப்பகுப்பாய்வாளர் பிராய்ட் அங்கே வாழ்ந்தார். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டதும், ஜூனில் லண்டனுக்குத் தப்பினார். ஓபராவின் யூதக் கலைஞர்கள் விரட்டப்பட்டதும் அதே ஆண்டில்தான். விடுதலையைப் பாடித் திறந்த அரங்கம், பதினேழு ஆண்டுகளுக்கு முன் தன் கலைஞர்களையே வெளியேற்றிய அரங்கம். சினிமா விமர்சகர் படத்தைப் பேசுவார், இசை விமர்சகர் அன்றைய பாட்டைப் பேசுவார். இந்த மூன்றையும் ஒரே மூச்சில் பார்க்கும் வாய்ப்பு நடந்து திரிகிறவருக்கே கிடைக்கிறது.

கிடைத்த வாய்ப்பைப் பயணி எப்படிப் பாழாக்குகிறார் என்பதற்கும் அதே வீடுதான் சான்று. நோயாளிகள் படுத்துப் பேசிய புகழ்பெற்ற அந்தச் சாய்வுக்கட்டில் அங்கே இல்லை. பிராய்டோடு லண்டனுக்குப் போய்விட்டது. “வெறும் அறை, பார்க்க ஒன்றுமில்லை” என்று எழுதிவிட்டு நகர்பவர்கள் உண்டு. இல்லாத அந்தக் கட்டில்தான் அந்த வீட்டின் முக்கியமான காட்சிப்பொருள். அது ஏன் இல்லை என்று கேட்காத குறிப்பு, வீட்டைப் பார்க்கவே இல்லை. டோம்காசெ 5இல் இதற்கு நேர்மாறு. மொஸார்ட் 1784 முதல் 1787 வரை குடியிருந்து ‘ஃபிகாரோவின் திருமணம்’ படைத்த வீடு அது. அங்கே பழைய மேசை ஒன்றைக் கண்டதும் “அவர் கை பட்ட மேசை” என்று உருகுகிறார்கள். அவருடைய தட்டுமுட்டுச் சாமான் எதுவும் அங்கே இல்லை. உருக்கம் உண்மையானதுதான், சாட்சியம் பொய்யாகிவிடுகிறது.

தீர்ப்பில் இறங்கும்போது நிலைமை இன்னும் மோசம். வியன்னா ஓபராவில் அநேகமாக இரவுக்கிரவு நிகழ்ச்சி மாறும், பாடகர்கள் மாறுவார்கள். ஒரே ஒரு இரவு ‘டோஸ்கா’ பார்த்துவிட்டு “இந்த ஊர் ஓபரா பழமையில் ஊறிக் கிடக்கிறது” என்று எழுதுபவர், தான் பார்த்தது 1958இல் மார்கரேத்தே வால்மன் உருவாக்கிய மேடையாக்கம் என்பதைச் சொல்வதில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு மேடையாக்கத்தைக் காத்துவைத்திருப்பது ஏன் என்று கேட்டிருந்தால் நல்ல கட்டுரை பிறந்திருக்கும். கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் புரூகலின் 12 ஓவியங்கள் இருக்கின்றன. உலகில் வேறெங்கும் இத்தனை கிடையாது. மூன்று மணி நேரம் நடந்து கால் கடுக்க அந்த அறையை எட்டியவர், ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ தன்னைக் கவரவில்லை என்கிறார். அந்தக் களைப்பையும் சேர்த்து எழுதியிருந்தால் நேர்மையாக இருந்திருக்கும்.

பார்த்த மாத்திரத்தில் சொல்லும் தீர்ப்பு எவ்வளவு கொடியதாக முடியலாம் என்பதற்கு அந்த ஓபரா மாளிகையே சாட்சி. கட்டிட வேலை தொடங்கிய பிறகு முன்னால் செல்லும் ரிங் சாலையை உயர்த்தினார்கள்; அதனால் மாளிகை மண்ணுக்குள் இறங்கியதுபோல் தெரிந்தது. ஊரே கேலி செய்தது. கட்டிடக் கலைஞர்களில் ஒருவரான வான் டெர் நூல் 1868இல் தற்கொலை செய்துகொண்டார். மற்றவரான சிக்கார்ட்ஸ்பர்க் அதே ஆண்டு சில வாரங்களில் இறந்தார். 1869 மே மாதம் நடந்த திறப்பு விழாவை இருவருமே பார்க்கவில்லை. கேலி செய்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். சாலை ஏன் உயர்ந்தது என்று விசாரிக்க அவர்களுக்கு நாள்கணக்கில் அவகாசம் இருந்தது. ஒரு பகல் மட்டும் நிற்கும் பயணிக்கு அந்த அவகாசமும் இல்லை. அவர் இருமடங்கு தயங்க வேண்டும்.

பயணம் போய் எழுதும் நம் எழுத்தாளர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தத் தேதி, எந்த இருக்கை, யார் பாடினார்கள், எந்த அறை பூட்டியிருந்தது, எத்தனை நிமிடம் நின்றீர்கள் என்று எழுதுங்கள். பார்த்த பொருள் அசலா, அந்த இடத்துக்கு உரியதா என்று ஊர் திரும்பியபின் சரிபாருங்கள். பத்து இடங்களைத் தொட்டுச் செல்வதற்குப் பதில் இரண்டை முழுதாக எழுதுங்கள். நட்சத்திர மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள். அதைப் போட உள்ளூரில் ஆள் இருக்கிறார்கள்.