விருந்தாளிகளுக்கு இடம் விட்ட பேஸிஸ்ட்

கொல்கத்தா ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்டின் பழைய இசைத்தட்டுக் கடைகளில் ராக் குழு டீப் பர்ப்பிளின் தட்டு என்று கேட்டால், கடைக்காரரின் கை முதலில் போவது 'மெஷின் ஹெட்' பக்கம்தான். 1972-இல் வந்த அந்த ஆல்பத்தில் பேஸ் கிட்டார் வாசித்தவர் ரோஜர் குளோவர். இரண்டே ஆண்டில் அவர் தன் பெயரில் ஒரு கருப்பொருள் ஆல்பம் வெளியிட்டார்: 'தி பட்டர்ஃபிளை பால் அண்ட் தி கிராஸ்ஹாப்பர்ஸ் ஃபீஸ்ட்'. மெட்டல் கேட்டு வளர்ந்தவர்கள் அதைக் குழந்தைப் பாட்டு என்று ஒதுக்கினால் அது அநியாயம். மறைந்துகிடக்கும் மகத்தான படைப்பு என்று தூக்கிப் பிடிப்பதும் எனக்கு ஒப்பவில்லை.

அதை எடைபோட முதலில் அவருடைய பேஸைக் கேட்க வேண்டும். இளையராஜா பாடல்களில் பேஸ் ஓடும் வழியைத் தனியாகப் பின்தொடர்ந்து பழகிய தமிழ்க் காதுக்கு இது சிரமமே இல்லை. 1945-இல் வேல்ஸில் பிறந்த குளோவர், 'எபிசோட் சிக்ஸ்' குழுவிலிருந்து பாடகர் இயன் கில்லனோடு 1969-இல் டீப் பர்ப்பிளுக்கு வந்தார். அங்கே ரிச்சி பிளாக்மோரின் கிட்டாரும் ஜான் லார்டின் ஆர்கனும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும். அந்தத் துரத்தல் சிதறிப் போகாமல் பிடித்து நிறுத்தியது இயன் பெய்ஸின் டிரம்ஸும் குளோவரின் பேஸும். 'ஹைவே ஸ்டார்' பாட்டில் அவர் விடாமல் ஓட்டும் சீரான அடிகளை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டுக்கு வேகமே கிடையாது. 'மேபி ஐ'ம் எ லியோ'வின் ரிஃப் அவர் போட்டது. ஜான் லெனனின் ஒரு பாட்டைக் கேட்டு, ரிஃப் முதல் அடியில் விழாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துச் செய்தது. நம் கச்சேரிக் கணக்கில் சொன்னால் அனாகத எடுப்பு. சமத்தைக் காலியாக விட்டுவிட்டு, அடுத்து உள்ளே வருகிறது. ஒரு நொடி மௌனத்தை நம்பி ஒரு பாட்டையே கட்டுகிற துணிச்சல் அதில் இருக்கிறது. மான்ட்ரோவில் சூதாட்டக் கூடம் எரிந்த பிறகு 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' என்ற தலைப்பு தோன்றியதும் அவருக்குத்தான்.

1973-இல் குழுவை விட்டு விலக வேண்டிய நிலை வந்தது; பிளாக்மோருக்கு மாற்றம் வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில் லார்டுக்கு வந்த ஒரு வேலை குளோவரிடம் கை மாறியது. ஓவியர் ஆலன் ஆல்ட்ரிட்ஜும் கவிஞர் வில்லியம் ப்ளோமரும் சேர்ந்து அந்த ஆண்டு வெளியிட்ட படப் புத்தகத்துக்கு இசையமைக்க வேண்டும். பட்டாம்பூச்சியும் வெட்டுக்கிளியும் அழைக்க, பூச்சிகளும் விலங்குகளும் திரண்டு வரும் விருந்துதான் கதை. 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வில்லியம் ராஸ்கோ எழுதிய குழந்தைக் கவிதை அதன் வேர்.

அப்படி உருவான இந்த ஆல்பத்தில் இருபது உருப்படிகள், ஏறக்குறைய ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு குரல். முதலில் பாட வருபவர் யாரென்று பாருங்கள்: க்ளென் ஹியூஸ். டீப் பர்ப்பிளில் குளோவரின் இடத்துக்கு வந்து அவருடைய பேஸை ஏந்தியவர். கில்லனின் இடத்துக்கு வந்த டேவிட் கவர்டேலும் பாடுகிறார். தன்னை வெளியேற்றிய வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களைத் தன் விருந்துக்கு அழைத்து, ஆளுக்கேற்ற பாட்டும் கொடுக்கிறார் குளோவர். இதில் பெருந்தன்மை மட்டுமல்ல, தொழில் தேர்ச்சியும் இருக்கிறது. எந்தக் குரல் எங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரியும். ரோனி ஜேம்ஸ் டியோவுக்குக் கொடுத்த மூன்று பாடல்களே அதற்குச் சான்று. பிற்காலத்தில் மெட்டலின் கம்பீரக் குரலாக அறியப்பட்டவர் 'லவ் இஸ் ஆல்' பாட்டில் துள்ளுகிறார்; கூட்டுக்குரல் எழும்போது அதன் மேலேறி நிற்கிறார், அமுக்கவில்லை. இன்றைக்கும் அது மெருகு குலையாத பாட்டு.

குறை வேறு இடத்தில். விடியலில் தொடங்கி வீடு திரும்புவதில் முடிகிறது ஆல்பம். நடுவில் கதை நகர்வதில்லை. முயல் வருகிறது, குருட்டு அகழெலி வருகிறது, சிலந்தி வருகிறது. வந்தவர்களுக்குள் உரசல் இல்லை, ஒரு பாட்டு அடுத்த பாட்டை மாற்றுவதில்லை. ஒரு மெட்டு முன்னால் தலைகாட்டி, பின்னால் வேறு அர்த்தத்தோடு திரும்புவதை நான் எதிர்பார்த்தேன், கிடைக்கவில்லை. வரிசையைக் கலைத்துப் போட்டாலும் பாதிக்கு மேல் அப்படியே நிற்கும் என்றால், கருப்பொருள் வெறும் உறையாகத்தான் இருக்கிறது. கொல்கத்தாவின் 'மொஹீனேர் கோடாகுலி' குழு 1977-இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் பாடல்கள் கொஞ்சம்தான். ஆனால் கலங்கிய பறவைகளும் கொல்கத்தாவும் என்று தலைப்பு அறிவித்ததைப் பாடல்கள் சேர்ந்தே சுமக்கின்றன. அந்த இறுக்கம் குளோவரிடம் இல்லை.

இன்னொன்று எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. பேஸ் எங்கே? வாசித்திருக்கிறார், ஆனால் பின்னால், பணிவாக. 'லியோ'வில் சமத்தைக் காலியாக விட்ட அந்தக் கை, தன் சொந்த ஆல்பத்தில் ஒருமுறைகூடக் கேட்பவனை அப்படி நிறுத்தி வைக்கவில்லை. தயாரிப்பாளர் குளோவர் பேஸிஸ்ட் குளோவரை ஓரங்கட்டிவிட்டார். அதன் பலனும் கண்கூடு. நாசரெத் குழுவை ஏற்கெனவே வளர்த்தவர், 1977-இல் ஜூடாஸ் ப்ரீஸ்ட்டின் 'சின் ஆஃப்டர் சின்' தயாரித்தார். 1979-இல் பிளாக்மோரின் 'ரெயின்போ' குழுவுக்கே பேஸிஸ்டாகவும் தயாரிப்பாளராகவும் போனார். அந்தக் காதின் பெரிய பரீட்சை என்ற வகையில் இந்த ஆல்பத்துக்கு மதிப்பு குறையாது.

என் தீர்ப்பு இதுதான்: டியோவின் மூன்று பாடல்கள், ஹியூஸும் கவர்டேலும் பாடிய இரண்டு, இவை ஐந்தும் முதல் தரம். மற்றவை நல்ல கைவேலை. கருப்பொருள் ஆல்பமாக இது பாதி தேறுகிறது. பேஸ் கலைஞனின் தனி முயற்சியாகத் தேறவில்லை. 1975 அக்டோபர் 16 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இதை மேடையேற்றியபோது டியோ வரவில்லை. அவருடைய 'லவ் இஸ் ஆல்' பாட்டைப் பாட வந்தவர் குளோவரின் பழைய தோழர் கில்லன். பாடியவர் மாறியும் பாட்டு அசையாமல் நின்றது. 'லவ் இஸ் ஆல்' விஷயத்தில் எனக்கு மறுபேச்சே இல்லை. மற்ற பத்தொன்பதும் அந்தக் கட்டுமானத்துக்கு எட்டியிருந்தால் 'மெஷின் ஹெட்'டுக்குப் பக்கத்திலேயே இதை வைத்திருப்பேன்.