கட்டடமா, கல்லறைகளா?

சென்னை அரண்மனைக்காரன் தெருவில் இருக்கும் ஆர்மேனியர் தேவாலயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் 1712 என்ற ஆண்டிலேயே சொக்கிப்போகிறார்கள். அந்த ஆண்டில் எழுந்த கோவில் இன்று இல்லை. இப்போதுள்ள தூய மரியன்னை தேவாலயம் 1772-இல், ஆர்மேனியரின் கல்லறைத் தோட்டத்தில் கட்டியது.

இடம் மாறியதற்குக் காரணம் அரசியல். நாற்பது ஆர்மேனியர் குடியிருக்கும் ஊரில் கோவில் கட்டித் தருவோம், பாதிரியாருக்கு ஏழு ஆண்டுகள் வருடம் 50 பவுன் கொடுப்போம் என்று 1688-இல் ஒப்பந்தம் போட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். 1749-இல் ஊர் கைக்குத் திரும்பியதும் அதே கம்பெனி, கத்தோலிக்கரோடு ஆர்மேனியரும் கோட்டைக்குள் இருந்த வெள்ளையர் பட்டணத்தில் குடியிருக்கக் கூடாது என்றது. வியாபாரம் வேண்டும், பக்கத்து வீடு வேண்டாம்!

கட்டடமாக இது எப்படி? குரும்பகரத்துக்காரனான எனக்குத் தேவாலயம் என்றால் காரைக்கால் தேற்றரவு மாதா கோவிலின் ஓங்கிய கோபுரம்தான். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த ஜெப மண்டபம் சாதாரணம். கனத்த வெள்ளைச் சுவர், அவ்வளவே. மணிக்கூண்டு வேறு ரகம். கோவிலோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது. மரப்படி ஏறினால் ஆறு மணிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150 கிலோ. அவற்றில் இரண்டு 1837-இல் லண்டனில் தாமஸ் மியர்ஸ் வார்த்தவை. இந்த வளாகத்தில் கட்டடக்கலை என்று சொல்லத் தகுந்தது இந்தக் கூண்டும் முற்றமும்தான்.

முற்றத்தின் தளமே கல்லறைகள். ஆர்மேனிய எழுத்துப் பொறித்த பலகைக் கற்களை மிதிக்காமல் நடப்பது கடினம். சுமார் 350 பேர் இங்கே அடக்கம். அடையாற்றின் மேல் பாலமும் பரங்கிமலைப் படிகளும் கட்டிய ஆர்மேனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கானை இங்கே தேட வேண்டாம், அவர் வேப்பேரியில் இருக்கிறார். தேட வேண்டியவர் பாதிரியார் ஹருத்யூன் ஷ்மாவோனியன். உலகின் முதல் ஆர்மேனிய இதழான 'அஸ்தரார்' 1794-இல் இவர் கையால் சென்னையில் அச்சானது. 1824-இல் இறந்தார்.

ஆகவே என் தீர்ப்பு: கட்டடத்துக்கு நடுத்தர மதிப்பெண், வரலாற்று இடம் என்ற வகையில் சென்னையின் முதல் வரிசை. கொல்கத்தா ஆர்மேனியத் திருச்சபைக் குழு செலவு செய்து சுவரைக் காப்பாற்றி வருகிறது. காலடிக் கற்களின் எழுத்தைப் படியெடுத்து, தமிழில் பெயர்த்து வாசலில் வைப்பதுதான் அடுத்த வேலை.