வாடகைக்குப் போன அஞ்சல் பெட்டி

எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 என்ற மின்னஞ்சல் சர்வர் மென்பொருள்களுக்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் எனத் தொடரும் சிப்காட் தொழிற்பேட்டைகளில் இன்னும் சொந்த சர்வரில் மெயிலை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இனியும் முடிவைத் தள்ளிப்போட முடியாது. ஹூண்டாய், டைம்லர் போன்ற பெரிய ஆலைகளுக்கு இது தலைமையகம் பார்த்துக்கொள்ளும் விஷயம். அவற்றுக்கு பிராக்கெட்டும் ரப்பர் பாகமும் ஒயரிங் ஹார்னஸும் செய்து கொடுக்கும் வெண்டார் கம்பெனிகள்தான் தாங்களே முடிவெடுத்தாக வேண்டும். அவர்களுக்கு பர்ச்சேஸ் ஆர்டர் (பி.ஓ.) வருவது, ஷெட்யூல் மாறுவது, டிராயிங் திருத்தம், ரிஜெக்‌ஷன் புகார் எல்லாமே மெயிலில்தான்.

நூறு, இருநூறு பேர் மெயில் பயன்படுத்தும் ஒரு நிறுவனம் கிளவுடுக்குப் போவதுதான் சரி என்பது என் முடிவு. ஆனால் போகிற விதம் கவலை தருகிறது. சர்வரோடு சேர்த்துப் பொறுப்பையும் ஒப்படைத்துவிட்டதாகப் பல நிர்வாகங்கள் நம்புகின்றன.

போக வேண்டியதற்கான வலுவான காரணம் பாதுகாப்பு. 2021 மார்ச் 2-ம் தேதி எக்ஸ்சேஞ்ச் சர்வரின் நான்கு ஓட்டைகளுக்கு மைக்ரோசாப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. அடுத்த சில நாட்களிலேயே உலகெங்கும் பல்லாயிரம் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்துவிட்டது. அந்தத் திருத்தத்தை அன்றைக்கே போட வேண்டிய ஆள் நம் தொழிற்பேட்டையில் யார்? அட்டெண்டன்ஸ் மெஷின், சிசிடிவி, பிரிண்டர், டாலி என்று அத்தனையையும் கவனிக்கும் ஒரே ஒரு ஐ.டி. ஊழியர். அவருடைய திறமையைக் குறை சொல்லவில்லை. அந்த வேலைக்கு ஓர் ஆள் போதாது. கிளவுடில் அதைச் செய்ய இரவும் பகலும் ஒரு படையே இருக்கிறது.

வெள்ளத்தைக் காட்டிக் கிளவுடை விற்பவர்களின் வாதத்தைப் பாதிதான் ஏற்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஹூண்டாய், ரெனோ-நிஸான் ஆலைகளே உற்பத்தியை நிறுத்தின. தண்ணீர் புகுந்த கட்டடத்தில் சர்வர் இருந்தால் மெயிலும் அதோடு போகும். கிளவுடில் இருந்தால், இணைப்பு கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு பர்ச்சேஸ் மேனேஜர் பதில் எழுதலாம். ஆனால் 2016 டிசம்பர் 12 வர்தா புயலின்போது சென்னையின் இணையமே தடுமாறியது. இணைப்பு அறுந்தால், சொந்த சர்வர் உள்ள ஆலையில் உள்ளுக்குள்ளாவது மெயில் ஓடும். கிளவுடுக்கு மாறிய ஆலையில் ஸ்டோர்ஸிலிருந்து பக்கத்து அறையில் இருக்கும் அக்கவுன்ட்ஸுக்குக்கூட மெயில் போகாது. இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் இணைப்பு, அதுவும் வெவ்வேறு வழியில் வரும் கேபிள், இல்லாமல் மாறுவது அரைகுறை வேலை.

சிக்கல் முளைப்பது மனிதர்களின் மெயிலில் அல்ல, இயந்திரங்களின் மெயிலில். டெஸ்பாட்ச் பிரிவில் இன்வாய்ஸை ஸ்கேன் செய்து வாடிக்கையாளருக்கு அனுப்பும் பழைய ஜெராக்ஸ் மெஷின், இரவு ரிப்போர்ட் அனுப்பும் ஈ.ஆர்.பி., கம்ப்ரஸர் சூடேறினால் எச்சரிக்கும் கருவி எல்லாம் பல ஆண்டுகளாக உள்ளூர் சர்வர் வழியே கேள்வியில்லாமல் மெயில் அனுப்பிப் பழகியவை. கிளவுட் அவற்றிடம் இரட்டைச் சரிபார்ப்பு கேட்கிறது. அவற்றுக்கு அது தெரியாது. லோடு ஏற்றிய லாரி கேட்டில் நிற்கும், இன்வாய்ஸ் போகாது. அந்த நெருக்கடியில் எடுக்கப்படும் குறுக்குவழி எல்லா இடத்திலும் ஒன்றுதான்: மெஷினுக்கென்று ஒரு கணக்கு, எளிய பாஸ்வேர்டு, சரிபார்ப்பிலிருந்து விலக்கு. வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிப் போலி இன்வாய்ஸ் அனுப்பும் திருடர்கள் தேடுவதும் இப்படிப்பட்ட கணக்கைத்தான். ஷாப் ஃபுளோரில் கைபேசிக்குத் தடையுள்ள ஆலைகளில் சூப்பர்வைசருக்கு ஓ.டி.பி. பார்க்க வழியில்லை; அங்கேயும் விலக்குதான். கைபேசி தேவைப்படாத பாதுகாப்புச் சாவிகள் கடையில் கிடைக்கின்றன, ஆனால் மாற்றத்துக்கான பட்ஜெட்டில் அவற்றுக்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை.

அடுத்தது தலைக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் கட்டும் வாடகை. ஒருவர் வேலையை விட்டதும் செலவைக் குறைக்க அவருடைய கணக்கை நீக்குகிறார்கள். மைக்ரோசாப்ட் 365-ல் நீக்கிய மெயில் பாக்ஸ், தனி ஏற்பாடு செய்யாவிட்டால் 30 நாளில் அழிந்துவிடும். வாகனத் தொழிலில் வாரன்டி கோரிக்கை சப்ளை செய்து சில ஆண்டுகள் கழித்தும் வரும். அதில் கேள்வி எழும் டிராயிங் மாற்றத்துக்கு வாடிக்கையாளர் சம்மதித்த மெயில், விலகிப்போன குவாலிட்டி இன்ஜினியரின் பெட்டியில் இருந்திருக்கும். பழைய சர்வரில் அது யாரும் சீண்டாமல் ஹார்ட் டிஸ்கில் கிடந்தது. சட்டப் பொறுப்பும் இடம் மாறுவதில்லை: மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகைச் சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவிக்க வேண்டும், லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய எச்சரிக்கை குஜராத்திலிருந்து வந்தது. வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி மீது 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் அதில் பங்குதாரர் என்பது காரணம். இந்தியச் சட்டப்படி எந்தத் தடையும் இல்லாத அந்த நிறுவனத்துக்கு மைக்ரோசாப்ட் தன் சேவையை நிறுத்தியது. பணம் கட்டி வாங்கிய மெயிலும் தரவும் கைக்கு எட்டவில்லை. டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகே சேவை திரும்பியது. ஒரகடத்து வெண்டாருக்கு இது வராது என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அரசியல் வேண்டாம்; கட்டணத் தகராறோ, தவறான ஸ்பேம் முத்திரையோ போதும், கணக்கு முடங்கிவிடும்.

மாற்று ஒன்றும் தூரத்தில் இல்லை. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வழியாக ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தால் கூடுவாஞ்சேரி அருகே, மெயில் சேவை தரும் ஜோஹோவின் தலைமையகம். மத்திய அரசு ஊழியர்களுடையவை உட்பட சுமார் 12 லட்சம் அரசு மெயில் கணக்குகள் அதன் தளத்துக்குப் போயிருக்கின்றன. அதை வரவேற்கிறேன், ஆனால் உள்ளூர் நிறுவனம் என்பதால் மட்டும் வாடகைதாரரின் நிலைமை மாறிவிடாது. எங்கே வைத்தாலும், மெயிலின் ஒரு பிரதி வேறொரு நிறுவனத்திடமோ சொந்த டிஸ்கிலோ இருக்க வேண்டும். அது திறக்கிறதா என்று அவ்வப்போது எடுத்துப் பார்க்கவும் வேண்டும். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பதை மாற்றத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். சிறு நிறுவனங்கள் பலவற்றில் வெப்சைட் செய்து கொடுத்தவரின் சொந்த ஜிமெயிலில்தான் அது பதிவாகியிருக்கும். கம்பெனி பெயரில் இருந்தால், மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ். பதிவை மாற்றி, புது மெயிலை ஓரிரு நாளில் வேறு தளத்தில் வாங்கத் தொடங்கலாம். இல்லையென்றால் சேவை நின்ற அன்று, அந்த வெப்சைட்காரர் போனை எடுக்கும்வரை பி.ஓ. வராது.