கப்பலேறிய பாட்டனைத் தேடுதல்

1852 அக்டோபர் 7 அன்று, பர்மாவின் ஐராவதி ஆற்றில் ஒரு நீராவிக் கப்பலில் ரியர் அட்மிரல் சார்லஸ் ஆஸ்டின் காலராவில் இறந்தார். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, வீட்டில் கடைக்குட்டி. உடலைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அவர் எந்த வயதில் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார், எந்தெந்தக் கப்பலில் என்ன பதவி வகித்தார் என்பதெல்லாம் இன்று யாருக்கும் கிடைக்கும். பிடிபட்ட கப்பலில் வந்த பங்குப் பணத்தில் அக்காமார் இருவருக்கும் அவர் புஷ்பராகச் சிலுவைகள் வாங்கியதுகூடப் பதிவாகியிருக்கிறது. அவர் போயிருந்த அதே பர்மாப் போருக்கு அதே ஆண்டு சென்னைப் பட்டாளங்களும் கப்பலேறின. அங்கே காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியான தமிழ்ச் சிப்பாய்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே ஏட்டில் நிற்கிறார்கள்.

விக்டோரியா காலப் போர்களுக்குக் கப்பலேறிப் போன முன்னோரைத் தேடும் வழக்கம் இங்கிலாந்தில் வலுவாக வேரூன்றியது. இப்போது மதுரைப் பக்கத்துக் குடும்பங்களிலும் அந்த ஆசை துளிர்க்கிறது. பாட்டன் பட்டாளத்தில் இருந்தார், ரங்கூனுக்குப் போனார், சீனத்துக்குப் போனார் என்று கேட்டு வளர்ந்தவர்கள் ஆவணத்தில் அவர் பெயரைப் பார்த்துவிடத் துடிக்கிறார்கள். இது மதிக்கவேண்டிய ஆசை. ஆனால் வேறொரு சமூகத்தின் ஏடுகளுக்கென்று உருவான முறையை அப்படியே இங்கே பயன்படுத்தினால் பாட்டனுக்குப் பதிலாக வேறு யாரையோ வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவோம்.

பிரிட்டிஷ் கடற்படையில் 1853 முதல் தொடர்பணியில் சேர்ந்த ஒவ்வொரு மாலுமிக்கும் ஓர் எண் உண்டு. பிறந்த தேதி, ஊர், உயரம், கண்ணின் நிறம், உடலிலுள்ள தழும்பு எல்லாம் எழுதியிருப்பார்கள். பதக்கப் பட்டியல்கள் தனியே இருக்கின்றன. குடும்பப் பெயரைத் தெரிந்துவைத்திருந்தால் போர்ட்ஸ்மத்தில் இருக்கும் கொள்ளுப்பேரன் ஒரே மாலையில் முன்னோரைக் கண்டுவிடலாம். சென்னைப் பட்டாளத்திலும் சிப்பாயின் பெயர், தகப்பன் பெயர், சாதி, ஊர், உயரம் ஆகியவற்றைப் பதிந்தார்கள். அந்த ஏடு ரெஜிமெண்டோடு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பிறகும், வடக்கத்தியர்தான் போர் மரபினர் என்ற கொள்கை ஓங்கியபோது, சென்னைக் காலாட்படைப் பிரிவுகளை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். அவற்றின் ஏடுகளும் சிதறின. லண்டனில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படைவீரர்களைப் பற்றி ஏராளமாகக் கிடைக்கிறது. சிப்பாய் தென்படுவது பெரும்பாலும் பதக்கம் பெற்றபோதோ, பென்ஷன் வாங்கியபோதோ, தண்டனைக்கு உள்ளானபோதோதான்.

பெயர் அடுத்த சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுகிறோம். ஒரே வம்சத்தில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை முத்துச்சாமியாகவே வரும். எழுதிய குமாஸ்தாவோ வாயில் வந்தபடி எழுத்துக் கூட்டினார். ஒரே ரெஜிமெண்டில் பல ராமசாமிகள், வீராசாமிகள். அவர்களைப் பிரித்துக் காட்டியது எண் ஒன்றுதான். குடும்பத்தில் அந்த எண்ணை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

ஊரும் அப்படியே ஏமாற்றும். ஏட்டில் ‘மதுரா’ என்று இருக்கும் ஜில்லா இன்றைய மதுரை மாவட்டம் அல்ல. திண்டுக்கல், பெரியகுளம், சிவகங்கை, ராமநாதபுரம் எல்லாம் அதற்குள் அடங்கின. ராமநாதபுரம் ஜில்லா பிரிந்தது 1910இல்தான். ஜாவாவை ஒட்டி மதுரா என்றே ஒரு தீவும் இருக்கிறது. கணினித் தேடலில் அதுவும் வந்து குறுக்கிடும். இவற்றைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. சென்னைப் பட்டாளத்தில் சிப்பாயின் மனைவி மக்களும் ரெஜிமெண்டோடு ஊர் ஊராகப் போனார்கள். சிப்பாயின் மகனைச் சிறுவனாகவே அரைச் சம்பளத்தில் சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. அதனால் மதுரைக் குடும்பத்துப் பையன் ஏட்டில் திருச்சிக்காரனாகவோ செகந்திராபாத்காரனாகவோ இருக்கக்கூடும். மதுரைக்கு ரயில் வந்ததே 1875இல். அதற்கு முந்தைய தலைமுறை திருச்சிக் கண்டோன்மெண்டுக்கு நடந்துபோய்ச் சேர்ந்தது.

ஆவணம் இப்படியென்றால், வீட்டு நினைவு நம்பிக்கைக்கு உரியதா? மதுரையில் ‘ரங்கூன் தாத்தா’ என்ற ஒரே பெயருக்குள் பலர் புதைந்திருக்கிறார்கள். 1852இல் போன சிப்பாய், 1885இல் மாண்டலே பிடிபட்டபோது காயம்பட்டோரை டூலியில் சுமந்தவர், தென் பர்மாவின் பெகு பிரிட்டிஷார் கைக்கு வந்தபின் நெல் அறுக்கப்போன கூலி, செட்டியார் கடையில் கணக்கெழுதியவர், இவர்களில் யாரும் அந்தத் தாத்தாவாக இருக்கலாம். 1942இல் ஜப்பானியருக்கு அஞ்சி பர்மாவிலிருந்து நடந்தே திரும்பிய துயரம் அத்தனை ஆழமாகப் பதிந்ததால், அதற்கு முந்தைய பயணங்களையும் அதுவே விழுங்கிவிட்டது. பாட்டி சொன்னதைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. அதற்குள் எத்தனை காலங்கள் அடுக்கியிருக்கின்றன என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை வேண்டும்.

குடும்பத்தில் சொல்லப்படும் ஆள் படைவீரராக அல்லாமல் கப்பலிலேயே வேலை பார்த்த லஸ்கராக இருந்தால் தேட வேண்டிய இடமே வேறு. 1863க்குப் பிந்தைய பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் மாலுமிப் பட்டியல்களில் பெரும்பகுதி கனடாவில், நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. போருக்குப் படைகளை ஏற்றிச் சென்றவற்றில் பல, வாடகைக்கு அமர்த்திய வணிகக் கப்பல்களே.

இத்தனை குறை சொல்லியும் இந்தத் தேடலை நான் ஆதரிக்கிறேன். முதற்காரணம், நம் கல்வெட்டும் செப்பேடும் யாரைப் பேசின என்பது. நிலம் கொடுத்தவரையும் பெற்றவரையும் அவை பேசின. நிலமில்லாத பறையர் குடும்பத்து மகன் ஒருவனின் பெயரையும் அவன் தகப்பன் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதிய முதல் ஏடு, பல இடங்களில் பட்டாளத்து ஏடாகவே இருக்கும். சென்னைச் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். 1868இல் அபிசீனியா, 1875இல் பேராக், 1882இல் எகிப்து என்று அந்தப் படை போய்வந்தது. அத்தகைய குடும்பம் ஒன்று தன் பாட்டனின் பெயரை ஏட்டில் காண்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல. வரலாற்றில் தனக்கும் உரிமையுண்டு என்பதற்கு அது சான்று.

இன்னொரு பயன், இந்தியர் கடல் கடக்க அஞ்சினார்கள் என்ற பொதுவான எண்ணம் தமிழ்ச் சிப்பாயிடம் உடைவது. 1824இல் பர்மாவுக்குக் கிளம்பும் வேளையில் பாரக்பூரில் முறுக்கிக்கொண்ட வங்காளப் பட்டாளச் சிப்பாய்களை ஆங்கிலேயர் சுட்டுக் கொன்றார்கள். அதே போருக்குச் சென்னைப் பட்டாளங்கள் கப்பலேறிப் போயின. ஏன் போனார்கள் என்பது நியாயமான கேள்வி. பசியும் பென்ஷனும் அதற்கான விடையில் இருக்கும். வெளிநாடு போகும் சிப்பாய் தன் சம்பளத்தில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு ஒதுக்கிவிட்டுப் போகும் ஏற்பாடும் சென்னைப் படையில் இருந்தது. கையில் அந்தக் காசை வாங்கிய மனைவியையும் தாயையும் தேடுபவர்களை நான் இன்னும் சந்தித்ததில்லை. எல்லாரும் பதக்கத்தைத்தான் கேட்கிறார்கள்.

பதக்க மோகம்தான் இந்த வழக்கத்தின் பெருங்குறை. 1885–87 பர்மாப் போருக்கான பதக்கம் படைவீரருக்கு வெள்ளியில், பணியாளருக்கு வெண்கலத்தில் வந்தது. தண்ணீர் சுமந்தவனும் டூலி தூக்கியவனும் அதே காட்டில் அதே காய்ச்சலில் கிடந்தவர்கள்; உலோகம் மட்டும் வேறு. வெள்ளிப் பதக்கம் எங்கே போயிருக்கும் என்று தெற்கு ஆவணி மூல வீதிப் பட்டறைகளைப் பார்த்தால் ஊகிக்கலாம். கஷ்டம் வந்த வருஷத்தில் உருகியிருக்கும். அந்தக் குடும்பத்தின் வரலாறு அதனால் குறைந்துவிடவில்லை. ஆனால் பதக்கம் கிடைத்துவிட்டாலோ, ‘எங்கள் சாதியே வீரச்சாதி’ என்று சாதிச் சங்க மலரில் அச்சேறிவிடுகிறது. யார் வீரர், யார் அல்லர் என்று பிரித்து நம் மக்களையே பட்டாளத்திலிருந்து தள்ளியது பிரிட்டிஷ் ஆட்சி. பிறமலைக் கள்ளரைக் குற்றப் பரம்பரையினர் என்று கைநாட்டுப் பதிவேட்டில் அடைத்ததும், எதிர்த்தவர்களை 1920இல் பெருங்காமநல்லூரில் சுட்டதும் அதுவே. அதன் கையால் வாங்கிய சான்றிதழைக் கொண்டு பக்கத்துத் தெருக்காரனைத் தாழ்த்துவது எனக்குப் பெரும் வேதனை தருகிறது.

எதிர்க்கரையையும் பார்க்க வேண்டும். 1841 மே மாத இறுதியில், முதல் அபினிப் போரின்போது, சீனாவின் காண்டன் நகருக்கு வெளியே சான்யுவான்லியில் சென்னை 37ஆம் காலாட்படையின் ஒரு கம்பெனி, ஏறக்குறைய அறுபது பேர், பெருமழையில் வழிதவறியது. சிக்கிமுக்கிக் கல்லால் வெடிக்கும் அவர்களது துப்பாக்கிகள் நனைந்து வெடிக்கவில்லை. ஆயிரக்கணக்கான கிராமத்தார் ஈட்டியோடு சூழ்ந்துகொண்டார்கள். சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்து நின்றார்கள். மழையிலும் வெடிக்கும் புதுவகைத் துப்பாக்கியோடு கடற்படையின் மரைன்கள் வந்த பிறகே மீண்டார்கள். நம் பக்கமிருந்து படித்தால் இது மன உறுதியின் கதை. சீனாவிலோ அந்நியப் படையை ஊர்மக்களே விரட்டிய நாளாக இதைப் போற்றுகிறார்கள். 1950இல் அங்கே நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். நம் பாட்டன் அந்தச் சதுரத்துக்குள் நின்றிருந்தால், அவன் துணிந்தவன், மாட்டிக்கொண்டவன், அபினி வணிகத்துக்காக இன்னொருவன் வயலில் இறங்கியவன். மூன்றும் உண்மை. ஒன்றை மட்டும் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டுகிற குடும்ப வரலாறு அரைகுறையானது.

ஆகவே, தனி ஆளைத் தேடுவதை விட்டு ரெஜிமெண்டைத் தேடுங்கள் என்பேன். எந்தப் பிரிவு எந்த ஆண்டில் எங்கே கப்பலேறியது, எங்கே முகாமிட்டது என்பதை வில்சன் எழுதிய சென்னைப் படை வரலாற்றிலிருந்து எடுத்துவிடலாம். 1880களில் பல பாகங்களாக வெளிவந்த நூல் அது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மதுரை ஜில்லாப் பதிவுகள் இருக்கின்றன. கிறிஸ்தவக் குடும்பமென்றால் கோயில் ஞானஸ்நான ஏடும் கைகொடுக்கும். இவற்றோடு, குலதெய்வக் கோயிலில் சிவராத்திரிக்குக் கூடும் பங்காளிகளிடம் தலைமுறை வரிசையை எழுதி வாங்கினால், முன்னோரில் யார் எந்தக் காலத்தில் வாழ்ந்தார் என்பது ஓரளவு பிடிபடும். மதுரைக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் மாணவர்களைக் கொண்டு, ஒரு ரெஜிமெண்டின் பதக்கப் பட்டியலில் தமிழ்நாட்டுப் பெயர்களை மட்டும் தமிழ் எழுத்தில், ஊர்வாரியாக எழுதி வெளியிட்டால் போதும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் மறைந்துகிடக்கும் முத்துச்சாமிகளை அவரவர் ஊரார் அடையாளம் காண்பார்கள். பட்டியலில் டூலி சுமந்தவர்களையும் தண்ணீர் சுமந்தவர்களையும் விடாமல் சேர்க்க வேண்டும்.